அக்காவின் வெள்ளை முக்காடு

ஞாயிறு பூசைக்கு அக்கா தலையில் போடும் வெள்ளை முக்காடு இன்னமும் என் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. ஓரப் பின்னல் அக்காவின் கைவேலை. இடப்பெயர்வுகளில் என்னென்னவோ போயிற்று, அதை மட்டும் நான் விடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அக்கா அதை மடித்து வைத்தாள். பிறகு போடவேயில்லை.

எங்களுக்கு முல்லைத்தீவுக் கரை. அத்தான் கடலுக்குப் போகிறவர். அக்காவின் மகளை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அவள் ஓடி விளையாடும் வயதில் அக்காவுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. கொஞ்ச நாளில் இரத்தம் பட்டது, வலியும் வந்தது. எங்கே நோகிறது என்று கேட்டால் பழைய தழும்பைத்தான் தொட்டுக் காட்டுவாள். அத்தானின் தாய் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தழும்பின்மேல் தடவினார். வெட்டு என்பது தோலோடு முடிந்த சங்கதி என்று அவர் நினைத்தார், பாவம்.

அவரை மன்னிக்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டரும் அதே தோலைத்தான் பார்த்தார். தழும்பு நன்றாக ஆறிவிட்டது, கரு கலைகிறது, சுத்தம் செய்தால் சரி என்றார். உள்ளுக்குள்தான் நோகிறது என்று அக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. பிறகு தாதி வந்தார். வார்ட் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"என்ன குடிச்சனீர்? கலைக்கத்தானே பாத்தனீர்? உண்மையைச் சொல்லும்."

அந்தப் பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தவள் அக்கா. ஒன்றும் குடிக்கவில்லை என்று அழுதாள். அடுத்த கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

சுத்தம் செய்யத் தொடங்கியதும் இரத்தம் உடைத்துக்கொண்டு வந்தது. துணியால் அடைத்து, அம்புலன்ஸில் வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைத் திறந்த டொக்டரால் உயிரைக் காப்பாற்ற முடிந்தது, கருப்பையை முடியவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"முந்தி வெட்டித் தைச்ச இடத்தில, கருப்பைச் சுவருக்குள்ளயே கரு ஒட்டி வளர்ந்திருக்கு. அதைச் சுரண்டினபடியால்தான் இவ்வளவு ரத்தம். நான் இப்பிடியொண்டை இப்பதான் பாக்கிறன். அவா ஒண்டும் செய்யேல்லை."

அந்தக் கடைசி வசனத்தை ஊருக்குக் கொண்டுவந்தேன். வாங்க ஆளில்லை. தாதியின் கேள்வி எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. பிள்ளை போயும் போயும் தழும்புக்குள்ளேயா இருக்கும் என்று சிரித்தார்கள். திருநாளுக்கு மாதா சுரூபத்துக்கு மாலை கட்ட அக்கா போய் உட்கார்ந்தபோது, ஒருத்தி பூத்தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்கா எழுந்து வந்து முக்காட்டை மடித்து வைத்தாள். அந்த நாளில் உள்ளே பார்க்கும் மெசின் எங்கள் பக்கம் இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தெரியாது என்று சொல்ல வாய் வராமல் பழியைத் தூக்கி அவள்மேல் போட்டார்களே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் அக்காவின் மகளுக்கு இரண்டாவது பிள்ளை தங்கியது. அவளுக்கும் முதல் பிள்ளை ஒப்பிரேசன்தான். கிளிநொச்சியில் ஸ்கான் செய்த இளம் பெண் டொக்டர், கரு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார். பழைய வெட்டுத் தழும்பில் தங்கினால் ஆபத்து, ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் ஊசி மருந்தாலோ ஒப்பிரேசனாலோ தாயைக் காப்பாற்றலாம், பல பேருக்குக் கருப்பையும் தப்பும் என்று சாதாரணமாகச் சொன்னார். மகளுக்குச் சரியான இடத்தில்தான் இருந்தது. வெளியே வாங்குப் பலகையில் இருந்த அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன்.

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ டொக்டர். இவாவுக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலையில் முக்காட்டை எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன். ஓரப் பின்னலைத் தடவிப் பார்த்தாள். சிரித்தவர்களில் பாதிப் பேரைச் சுனாமியில் கடல் கொண்டுபோயிற்று, மற்றவர்கள் சண்டையோடு போய்விட்டார்கள். பூத்தட்டை இழுத்தவளும் இல்லை.

"பொய் எண்டு சொன்னவையள் ஒருத்தரும் இல்லையே, தங்கச்சி. இனி ஆருக்குக் காட்டப் போடுறது?"

மறுபடி மடித்துத் தந்தாள். மேல்தட்டில் வைத்து, அலுமாரிக் கதவை அறைந்து சாத்தினேன்.