கட்டிலோரத்து நாற்காலி

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தங்கைக்குத் துணையிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மா இருந்தார். இராஜாக்கமங்கலத்துக்காரர். மெலிந்த உடம்பு, நெற்றியில் கலையாத திருநீறு. வயிற்றுக்குள் வளர்ந்திருந்த கட்டியைச் சிறு துளைகள் வழியே கேமரா விட்டு எடுத்திருந்தார்கள். அவருக்குத் துணைக்கு ஆளில்லை. ஆனாலும் துணையாள் உட்காரும் நாற்காலியை யாராவது நகர்த்தினால், வலியோடு எழுந்து அதைத் திரும்பக் கட்டிலோரம் இழுத்துப் போடுவார்.

துபாயிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிட்டான். அவர் வயிற்றுப் பிளாஸ்திரியைக் காட்டிச் சிரித்தார்.

“பாத்தியா மக்கா, சின்னத் தொளைதான். நீ வரண்டாம்.”

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

“வயித்தைக் கீறணும்னு மொதல்ல சொன்னப்போ லீவு கேட்டு டிக்கெட்டும் எடுத்தான். தொளை போதும்னதும் கேன்சல் பண்ணிட்டான்.”

“நல்லதுதானேம்மா, சீக்கிரம் ஆறிரும்,” என்றேன்.

“நல்லதுதான். கீறியே எடுங்கன்னு டாக்டருட்ட கேட்டுப் பாத்தேன். சிரிச்சிட்டாரு.”

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே ஆட்டோவுக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பெருக்க வந்தவர் தள்ளி வைத்திருந்த அந்த நாற்காலியை, காலிக் கட்டிலின் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.