மதிப்பெண் இல்லாத நாட்டிலிருந்து வந்தவள்

ஈர ஜாக்கெட்டுகளின் வாடையும் பெட்டிக்குள் வியர்த்த மட்டன் ரோல்ஸின் வாசனையும் கலந்தெழும், கனடாவின் ஸ்காபரோ பிளாசாவின் நிலக்கீழ் மண்டபத்தில்தான், பன்னிரண்டு வயதில், ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நிற்கப் பழகினேன். பேச்சை அப்பா எழுதுவார், நான் மனனம் செய்வேன், வெற்றிக்கிண்ணம் வீட்டுக்கு வரும். நோர்வேயிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு குடிபெயர்ந்து, என் வயதுக்காரியான அவர் மகள் மயூரி எனது விவாத அணியில் சேரும்வரை அந்த ஒழுங்கு பிசகியதில்லை.

அவளைக் கண்ட அன்ரிமாரெல்லாம் கேட்டது "எத்தனை மார்க்ஸ்?" என்றுதான். அங்கே சிறுவர் வகுப்புகளில் மதிப்பெண்ணே போடுவதில்லை என்றபோது, "குறைவெண்டபடியால் ஒளிக்கிறாள்" என்று முடிவுகட்டி, "மக்கு" என்ற பட்டத்தையும் சூட்டிவிட்டார்கள்.

அவ்வருட இறுதிப் போட்டியின் தலைப்பு, கல்வியில் சிறந்தவை பெரிய நாடுகளா, சிறிய நாடுகளா என்பது. அப்பா பெரிய நாடுகளுக்காக மட்டுமே முழங்கி எழுதித் தந்திருந்தார். மேடையில் திருவுளச்சீட்டு எடுத்தபோது எங்களுக்கு விழுந்ததோ சிறிய நாடுகள்.

"ஐயோ, அப்பா இதை எழுதித் தரேல்லையே!" என்றேன்.

"அப்பா எழுதித் தந்தாத்தான் உனக்கு வாய் திறக்குமோ? விடு, நான் படிச்ச பள்ளிக்கூடத்தைச் சொல்லுறன்," என்று மயூரி சிரித்தாள்.

எங்களுக்குப் பழக்கிய மேடைக் கைவீச்சு எதுவுமின்றி, மழையிலும் வகுப்போடு காட்டுக்குப் போய்ப் பாடம் படித்ததை அவள் சொல்லிக்கொண்டிருக்க, எதிரணித் தலைவன் எழுந்தான். "மார்க்ஸ் இல்லாட்டி, பிள்ளை கெட்டிக்காரியோ மக்கோ எண்டு தாய்க்கு எப்பிடித் தெரியும்?"

மண்டபம் சிரித்தது. அன்ரிமார் கைதட்டினார்கள்.

"ரீச்சர் அம்மாவைக் கூப்பிடுவா. நானும் பக்கத்திலை இருப்பன். என்ன விளங்கினது, என்ன விளங்கேல்லை எண்டு நான்தான் சொல்லவேணும்," என்ற மயூரி, அவையைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களை ஆரும் அப்பிடிக் கேட்டவையே?"

கைதட்டிய அன்ரிமார் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். தொகுப்புரைக்கு எழுந்த நான், மனனம் செய்த ஒரு வரிகூடக் கையிலில்லாமல், அந்தக் கேள்வியையே பற்றிக்கொண்டு முழங்கினேன்: ஒரு பிள்ளையைக்கூட இழக்க இயலாத சிறிய நாடுதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிகொடுக்கிறது!

கிண்ணம் எதிரணிக்கே போனது. ஆனால் வாசலில், மயூரியை முதலில் மக்கு என்ற அன்ரி, இரண்டு ரோல்ஸை அவள் கையில் திணித்து, தன் மகனை முன்னே தள்ளினார். "பிள்ளை, இவனுக்கு என்ன விளங்கேல்லை எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரன்."

அந்த மண்டபம் இன்று பல் மருத்துவமனை. அப்பாவின் பேச்சுத் தாள்களும் எங்கோ தொலைந்தன. இப்போது இத்தகைய போட்டிகளுக்கு நான் நடுவர். மதிப்பெண் இடாமல் தீராது. ஆனால், இடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், "என்ன விளங்கினது, என்ன விளங்கேல்லை?" என்று மயூரி சொன்ன கேள்வியைக் கேட்கிறேன். பதில் சொல்லத் தொடங்கியதும், பழக்கிவிட்ட கைவீச்சை மறந்து, அவர்கள் தங்கள் சொந்தச் சொற்களில் பேசுகிறார்கள்.