ரொட்டி வந்த வழி

காதோர மயிர் கருகும் மணம். கனடாவில், ஸ்காபரோவில் எனக்கு முடிவெட்டுபவர் ஒரு குர்தியர். எரியும் பஞ்சால் காதைத் தட்டித் தட்டி மயிரைப் பொசுக்குவார். இப்போது எங்கே எது கருகினாலும் அந்த நாற்காலியில் கேட்ட கதை வந்துவிடுகிறது.

பக்கத்துக் கடைத் தமிழரிடம் பொறுக்கிய ‘அண்ணை’ என்ற சொல் ஒன்று அவரிடம் இருந்தது. மிச்சமெல்லாம் உடைந்த ஆங்கிலம். அது எனக்குள் தமிழாகவே தங்கிவிட்டது.

ஊரில் அவர் போராளி. இஸ்லாமியத் தீவிரவாதிகள் அவருடைய மாமி வீட்டைப் பிடித்துச் சிறையாக்கியிருந்தார்கள். உள்ளே அவருடைய தம்பி. வெளிநாட்டுச் சிறப்புப் படையினரும் குர்தியரும் சேர்ந்து மீட்கப் போகிறார்கள். அந்தப் படையினர் தாடி வைத்திருந்தார்களா, தேத்தண்ணி குடித்தார்களா, என்ன மொழியில் சிரித்தார்கள்? என் ஆவல் நாய்க்குட்டி மாதிரி, சும்மா கிடக்காது.

“தாடி இருந்தது. பொறுங்கோ அண்ணை, காதை ஆட்டாதேங்கோ.”

வீடு தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வீட்டின் படத்தைக் கீறச் சொன்னார்கள். கீறினார்: வாசல், விருந்தினர் அறை, மாடிப்படி. கதவு ஒன்று. அணியில் இருந்த பெண் போராளி ஒருத்தி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாளாம்.

“மாமி வீட்டில ரொட்டி திண்டனியோ?”

“ஓம்.”

“அடுப்பு எங்க?”

அவருக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து போய்வந்த வீடு. ஆனால் ஆண்கள் விருந்தினர் அறையைத் தாண்டுவதில்லை.

“அப்ப ரொட்டி வானத்தால விழுந்ததோ, ஓவியரே?”

பென்சிலைப் பறித்துப் பின்பக்கம் ஒரு முற்றத்தைக் கீறினாள், அதில் ஒரு கதவு. அடுப்படிக்கு வெளிக்கதவு இல்லாத வீடு தங்கள் பக்கத்தில் இல்லை என்றாள். படைத் தலைவன் அவளையே இருவருடன் அங்கே அனுப்பினான்.

விடியும்போது முன்கதவை உடைத்தார்கள். காவலர்கள் கைதிகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அங்கே அவள் நின்றாள். முன்னால் நின்ற இவருக்கு வெடிச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

“எவ்வளவு நேரம்?” என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. “தெரியாது அண்ணை. மூச்சு விட்டனானோ எண்டும் தெரியாது.”

சுவர் மூலையால் தம்பி வெறுங்காலோடு நடந்து வந்தானாம்.

ஜக்கெற்றைப் போட்ட பிறகும் ஒரு கேள்வி அடங்கவில்லை. வாசலில் நின்று கேட்டேன்: “பிறகாவது போய் அந்தக் கதவைப் பாத்தனீங்களோ?”

என் கழுத்தைச் சுற்றியிருந்த துவாயை அவர் உதறினார்.

“சீச்சீ! அது பொம்பிளையள் புழங்கிற பக்கம் எல்லோ. சரி அண்ணை, போயிட்டு வாங்கோ.”