மஞ்சள் அட்டை இம்மானுவேல்

“டேட்டு சொல்லுய்யா. ஆவுது கீவுதுன்னா போனை வெச்சுடுவேன்.”

இம்மானுவேல் யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். இப்போது மறுமுனையில் இருப்பவர் வார்ப்படம் சப்ளை செய்யும் ஆள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கையில் கனம் அளக்கும் வெர்னியர், மறு கையில் வால்வு மூடி. வலது கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷமாகத் தரப் பரிசோதகர். வந்த பொருளை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சை அட்டை, தவறென்றால் சிவப்பு, சந்தேகமென்றால் மஞ்சள் என்று கட்டி அனுப்புவது வேலை. மற்றவர்களிடம் பச்சை அட்டைதான் முதலில் தீரும். இவரிடம் மஞ்சள்.

இந்த வட்டாரத்தில் ‘ஆவுது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யாரும் எதிலிருந்தும் தப்பிவிடலாம். வேலை மும்முரமாக நடக்கிறது என்றும் பொருள், இன்னும் தொடவே இல்லை என்றும் பொருள். “ஆச்சுன்னா ஆச்சு. ஆவுதுன்னா ஆவலைன்னு அர்த்தம்” என்பது இம்மானுவேலின் கட்சி. அந்த வார்த்தை காதில் விழுந்த மறுநொடி “டேட்டு?” என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

கேன்டீனில் குப்பம்மாள் வடைத் தட்டை வைத்ததும் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் வெளியே வரும். “வாய்ல போட்டுக்கற வடைக்கு இன்னாத்துக்குப்பா அளவு?” என்று அந்த அம்மாள் கரண்டியை ஓங்குவார். “போன வாரத்துக்கு நாலு மில்லி கம்மி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் இவர் கடிப்பார். உட்கார்ந்து தின்று யாரும் பார்த்ததில்லை. நாஷ்டா நின்றபடி, டீ நடந்தபடி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் “ஆண்டவர் சீக்கிரம் வருகிறார்” என்று குரலை உயர்த்தும்போதெல்லாம், பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி சுகிர்தா திரும்பி இவரை முறைப்பார். மனிதர் பழக்க தோஷத்தில் தேதி கேட்டுவிடப் போகிறாரே என்ற பயம்தான்.

இப்பேர்ப்பட்ட ஆசாமி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இல்லாத ஒரு கப்பலை வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்?

அது விண்வெளிக் கப்பல். வெளிநாட்டில் சில பேர் கூடி, அதுவரை யாரும் செய்யாத பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்யப் போவதாக அறிவித்தார்கள். நூறு சூரியன், ஆயிரம் கிரகம், இரண்டே வருஷத்தில் ரெடி. செய்து முடிக்கும் செலவுக்கு விளையாட வருகிறவர்களே முன்கூட்டிப் பணம் தர வேண்டும், தருகிறவர்களுக்கு இப்போதே கப்பல் ஒதுக்கப்படும் என்றார்கள். இம்மானுவேலும், அதே கம்பெனியில் ஸ்டோர் பார்த்த ரகுவும் ஆளுக்குப் பாதி போட்டு, இரண்டு சீட் கப்பலாகப் பார்த்து வாங்கினார்கள். பைக்கில் பின்னால் ஒருவர் உட்காருவது மாதிரி ஒரே கணக்கில் இரண்டு பேரும் போகலாம் என்று நினைப்பு. இரண்டாவது சீட்டுக்கு இன்னொரு கணக்கு வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பொன்னேரிப் பக்கம் ஆரணிக்காரரான ரகு, கப்பலுக்கு ‘ஆரணி’ என்றே பேர் வைத்தார்.

பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தபோது இருவரும் யோசிக்கவே இல்லை. கம்பெனியில் மஞ்சள் அட்டைப் பொருள்களை அடைத்து வைக்க ஒரு கம்பிக் கூண்டு உண்டு. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பரிசோதகரிடம், இன்னொரு சாவி ஸ்டோரில். இரண்டு பேரும் நேரில் வந்து நின்றால்தான் கூண்டு திறக்கும். அதே முறையைப் பஜாரிலிருந்த பிரவுசிங் சென்டரிலும் கடைப்பிடித்தார்கள். முன்பாதியை இம்மானுவேல் தட்டும்போது ரகு சுவரைப் பார்த்து நின்றார். பின்பாதியை ரகு தட்டும்போது இம்மானுவேல் சுவரைப் பார்த்து நின்றார். கழுத்து திரும்பியதே தவிர, கண் முழுசாகத் திரும்பவில்லை. ரகுவின் விரல் வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.

அதன்பிறகு இம்மானுவேல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு அதில் திறந்தபடியே கிடந்தது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ரகு வந்துவிடுவார். திரையில் கொட்டகைக்குள் நிற்கும் ‘ஆரணி’யை இருவரும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். உள்ளே ஏற முடியாது, பார்க்கத்தான் முடியும். இரண்டு வருஷம் நாலானது, நாலு எட்டானது. கப்பல் சமையலறையில் டீக் கோப்பையிலிருந்து ஆவி பறப்பதைக் கூடத் தத்ரூபமாகச் செய்து படம் போட்டார்கள். கப்பல் மட்டும் கிளம்பவில்லை. ஒவ்வொரு அறிவிப்பையும் இம்மானுவேல் ஒரே வார்த்தையில் தமிழில் சொல்லிவிடுவார்: “ஆவுதாம்.”

ரகு விட்டுக்கொடுக்கமாட்டார். “பெருசா கட்றாங்க நைனா. கோபுரம் கட்றவனாண்ட போய், கொட்டாய் போடறவனாண்ட கேக்கற மாதிரி டேட்டு கேக்கறியே!” ஆந்திர எல்லையில் தடா பக்கத்துத் தாய்மாமன் வீட்டில் வளர்ந்ததால் யாரைப் பார்த்தாலும் நைனாதான்.

“கோபுரத்துக்கும் பூஜை டேட்டு உண்டுடா” என்பார் இம்மானுவேல். அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்ப்யூட்டர் மூலையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த விளையாட்டுக்காரர்களின் வாட்ஸப் குழுவில், நடக்காமல் போன தேதிகளை எல்லாம் வரிசையாக எழுதி, தலைப்பில் ‘ரகு டைம்’ என்று போட்டார். சிரிப்புப் படங்கள் குவிந்தன. ஒரு வாரத்துக்குள் அது கம்பெனிக்கும் வந்துவிட்டது. லேட்டாக வந்தவன், சரக்கு அனுப்பாதவன் எல்லாம் ரகு டைம். கேன்டீனில் குப்பம்மாள் கூட “இட்லி ரகு டைம்ல வரும்” என்றார். வாழ்க்கையில் ஒரு நாள் கூட லேட்டாக வேலைக்கு வராத ரகு குழுவிலிருந்து விலகினார். மூன்றே மாதத்தில் தடாவைத் தாண்டி வேறு கம்பெனிக்குப் போனார். ஞாயிறு மதியம் இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி குவியத் தொடங்கியது.

இம்மானுவேலுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. “ரகு அண்ணன்கிட்ட பேசினீங்களா?” என்று சுகிர்தா மாசத்துக்கு ஒருமுறை கேட்பார். பதில் கொஞ்சம் தாமதித்து வரும்.

“ஆவுது.”

போன வாரம் வந்த அறிவிப்பில் முதன்முறையாக நாளும் மணியும் இருந்தன. ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறு வரை பழைய கப்பல்களின் கதவு திறக்கும். உள்ளே ஏறி ஓட்டிப் பார்க்கலாம். எல்லாரும் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டுப் புதிதாக உள்ளே வர வேண்டும். ஆறு மணிக்குள் வராதவர்களின் கப்பல் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

“பாரு, ஒண்ணும் திறக்காது” என்று சுகிர்தாவிடம் சொல்லியபடியே இம்மானுவேல் மூன்றே முக்காலுக்குக் கணக்கிலிருந்து வெளியே வந்தார். நாலு மணிக்குத் திரை பாஸ்வேர்டு கேட்டது. முன்பாதியைத் தட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது.

‘மறந்துவிட்டதா?’ என்ற இடத்தை அமுக்கினார். பாஸ்வேர்டு மாற்றும் கடிதம், ரகு விட்டுப்போன கம்பெனியில் அவருக்கிருந்த மெயிலுக்குப் போனது. அந்த மெயிலை எப்போதோ மூடிவிட்டார்கள். ரகுவின் பைக் நம்பரைப் போட்டுப் பார்த்தார். பிறந்த தேதி. ரகுவின் மனைவி நர்மதாவின் பேர். ஐந்து முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று சிவப்பில் வந்தது. நாலாவது முறைக்குக் கை எழவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

“ஓடற கப்பல்னு நம்பாதவருக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?” என்றார் சுகிர்தா.

“ஓடாதுன்னு பாக்கறதுக்காச்சும் உள்ள போவணும் இல்ல?”

“போன் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்கணும்னு பண்ணாதீங்க. தப்பு பண்ணிட்டேன்னு சொல்லப் பண்ணுங்க.”

நாலு இருபதுக்குப் பண்ணினார். ஆறாவது மணியில் எடுத்தார் ரகு. 

“இன்னா நைனா, டேட்டு வந்துச்சா?”

“வந்துச்சு. உன் பாதி இல்லாம திறக்கல” என்றார் இம்மானுவேல். “ரகு... அந்த ரகு டைம் எழுதினேனே. அது ரிஜெக்ட்டுடா. நான் பண்ண ரிஜெக்ட்டு. சிவப்பு அட்டை எனக்குத்தான் கட்டணும்.”

மறுபக்கம் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. “பாதிய போன்லயே சொல்லிடட்டா?”

கேட்டு வாங்கியிருந்தால் அந்த நிமிஷமே கப்பல் ஏறியிருக்கலாம். “வேணாம். ரெட்டைப் பூட்டுக்கு ரெண்டு பேரும் நிக்கணும். ஊட்டுக்கு வாடா.”

“ஆவுது” என்றார் ரகு.

இம்மானுவேலின் வாய் தானாகத் திறந்தது. சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடிக்கொண்டது. “சரிடா” என்றார்.

ரகு இப்போது இருக்கும் தடாவிலிருந்து ஆரம்பாக்கம், எளாவூர் வழியாக முப்பத்தைந்து நிமிஷம். இம்மானுவேல் நாற்காலியில் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டார். ஐந்து மணிக்குத் தெருமுனை வரை நடந்தார். ஐந்தேகாலுக்கு மறுபடி. ஐந்து இருபத்தைந்துக்கு மணியைப் பார்ப்பதை நிறுத்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார், பிறகு போனில் பார்த்தார். மெயின் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் போன சத்தத்தில் எந்த பைக்கும் தனியாகக் கேட்கவில்லை. தான் ‘டேட்டு’ கேட்ட ஒவ்வொருவரும் இப்படித்தான் காத்திருக்க வைத்தார்களா, இல்லை தானும் யாரையோ இரண்டு வருஷம் இப்படி வைத்தோமா என்ற நினைப்பு வந்து உறுத்தியது.

ஐந்து நாற்பதுக்கு ரகு வந்தார். முன்தலையில் முடி குறைந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, “எளாவூர்ல டிராபிக் நைனா” என்றார். உள்ளே வந்ததும் கம்ப்யூட்டர் மூலையில் தொங்கிய மஞ்சள் அட்டையைப் பார்த்தார். சுகிர்தா தந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலியாயிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இம்மானுவேல் முன்பாதியைத் தட்டினார். ரகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்புறம் கீபோர்டு ரகுவின் பக்கம் நகர்ந்தது.

“அன்னிக்கு நீ ஓரக்கண்ணால பாத்தே நைனா” என்றார் ரகு, விரலை விசை மேல் வைத்தபடி. “எனக்குத் தெரியும்.”

இம்மானுவேல் எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின்னால் முதல் விசை தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று எண்ணிவிடுவோமே என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.