செவலைக்கு இடுப்பு வேண்டும்

கல்லூரியில் இத்தனை வருஷமாக நான் மாணவர்களைத் திட்டிய திட்டையெல்லாம் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு முன் ஒரு டாக்டரம்மா எனக்குத் திருப்பிக் கொடுத்தார். கால்நடை டாக்டர். காரணம் செவலை... என் கோம்பை நாய்.

கோம்பை பார்த்திருப்பீர்கள். நடுத்தர உயரம், செம்மண் நிறம், கறுத்த வாய். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. என் செவலைக்கு அப்போது எட்டு மாதம். ஓடுவதற்கான உடம்பாக அது தெரியவில்லை.

டாக்டரம்மா என் உள்ளங்கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தார்.

"லேசாத் தடவுங்க சார். எலும்பு தட்டுப்படுதா?"

மெத்தைதான் தட்டுப்பட்டது.

"மேலேருந்து பாருங்க. இடுப்புன்னு ஒண்ணு தெரியணும். இது உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருக்கு. குண்டா இருந்தா நல்லா வளருதுன்னு நெனச்சுக்கிறீங்க. வளர்ற வயசுல இவ்வளவு வெயிட்டை மூட்டு எப்படித் தாங்கும்? பின்னங்காலை இழுக்குதே, கவனிக்கலையா?"

கவனித்திருந்தேன். படுத்து எழுந்தால் நாலடி நொண்டும். தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கக் கலக்கத்தில் யாராவது நொண்டுவார்களா?

"என்ன போடுறீங்க?"

"காலையில ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். அவ்வளவுதான் மேடம்."

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்று அனுப்பிவைத்தார்.

புதுக்கோட்டை வீட்டில் நானும் செவலையும் மட்டும்தான். மனைவிக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் ஒருமுறை அவள் வருவாள், இல்லாவிட்டால் நான் போவேன். 'ஒத்தையா இருக்கீங்களே' என்று அவள்தான் நாய் வளர்க்கச் சொன்னாள். நான் காலையில் கல்லூரிக்குக் கிளம்பினால் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். எனக்குத் துணையாக வந்தது, பகலெல்லாம் தனியாகக் கிடந்தது.

கிண்ணத்தைக் குறைத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்க்கும்... எனக்கே சோறு இறங்காது. அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனால் — எடை கூடியிருந்தது! காற்றைக் குடித்தா வளர்கிறது?

ஒரு நாள் லீவு போட்டேன். வழக்கம்போல வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பின்பக்கமாக உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். சொந்த நாயை வேவு பார்க்கும் நிலைமை!

மத்தியானம் பக்கத்து வீட்டில் தாளிக்கும் ஓசை கேட்டது. செவலை எழுந்தது. கொல்லைப்பக்கம் போனது. தென்னை மரத்துக்காகச் சுற்றுச்சுவரில் விட்டிருந்த சந்தில் உடம்பை நுழைத்து, முக்கி முனகி, அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து வந்தவர் என்று மட்டும் தெரியும். இரண்டு வருஷமாக எங்கள் பேச்சு 'என்ன வெயிலு!' என்பதைத் தாண்டியதில்லை. கேட் திறந்திருந்தது. கொல்லையில் சிமென்ட் தரையில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு தட்டு. ஒன்று அவருக்கு, ஒன்று செவலைக்கு. இரண்டிலும் சோறு, கோழிக்குழம்பு.

"நேத்து புளி தூக்கிருச்சுல்ல? இன்னைக்குப் பாரு" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அன்னியர் கையால் கோம்பை எதையும் வாங்கித் தின்னாது என்று குட்டியைக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். சரிதான். அவர் எனக்குத்தான் அன்னியர்.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. முத நா அங்கிட்டுருந்து எட்டிப் பாத்துச்சு. வெலா எலும்பு தெரிஞ்சுச்சு. பச்சப்புள்ள, பகல் பூரா பட்டினி கெடக்கேன்னு ஒரு வாய் வச்சேன். இப்பக் கொஞ்ச நாளா ரொம்பப் பசியோட வருது. அதான் ரெண்டு கரண்டி கூட..."

நான் குறைக்கக் குறைக்க அவர் கூட்டியிருக்கிறார்!

கோபப்படத்தான் போயிருந்தேன். ஆனால் டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். விலா தெரிந்தால் பட்டினி என்று அர்த்தமில்லை, உப்பும் எண்ணெயும் ஆகாது, பின்னங்கால் இழுக்கிறது என்று. செவலை நடப்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"நல்லது செய்யிறதா நெனச்சேன் சார். இனிமே வைக்க மாட்டேன்."

அன்றைக்கே அந்தச் சந்தில் தகரம் வைத்து அடைத்ததும் அவர்தான்.

அதோடு பிரச்சினை தீர்ந்தது... என்றுதான் நானும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், செவலை தகரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. குரைக்கவில்லை, பிறாண்டவில்லை. காதைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பக்கம் தாளிக்கும் ஓசை இல்லை. வாசனை இல்லை.

ஒரு மாதிரி இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். செல்வராசு — பெயரை அன்றுதான் கேட்டேன் — லேசாகத் தாடி விட்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"டீ குடிச்சேன் சார். ரொட்டி கெடக்கு."

அடுப்பு சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. மணமேல்குடிக்காரர். குவைத்தில் ஒரு கம்பெனி கேம்ப்பில் இருபது வருஷம் சமையல். இங்கே வீடு கட்டி ஒருவழியாகத் திரும்பி வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்க மனைவி கிளம்பிப் போய்விட்டார்.

"மூணு மாசத்துல வாரேன்னு போனா. இப்பப் பேரன் ஓடித் திரியிறான். அவளக் கொறை சொல்லலாமா சார்? மக வேலைக்குப் போறா, புள்ளைய யாரு பாக்குறது? இருவது வருசம் அவ இங்க ஒத்தையாக் கெடந்தா. இப்ப என் மொற."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இருநூறு பேருக்கு ஆக்குன கை. ஒத்த ஆளுக்கு ஒலை வைக்க மனசு வரமாட்டேங்குது. அது வந்துச்சு, அதுக்குன்னு ஆக்குனேன். நானும் ரெண்டு வாய் தின்னேன்."

என் வீட்டு ஃபிரிட்ஜில் அன்று பாலும் பழைய மாவும்தான் இருந்தன.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை திட்டவில்லை. "காலைச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாத்துங்க. அவரே போடட்டும். உப்பு, எண்ணெய், எலும்பு கூடாது. காலையில மெதுவா நடக்க வைக்கச் சொல்லுங்க" என்றார்.

செல்வராசு அண்ணன் தன் கையாலேயே தகரத்தை எடுத்தார். கோழியை வெறும் தண்ணீரில் வேகவைக்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. "மன்னிச்சுக்கப்பா, டாக்டரம்மா உத்தரவு" என்று நாயிடம் சொல்லித்தான் தட்டை வைப்பார். அது நக்கித் துடைத்துவிடும். காலையில் இருவரும் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்கள்.

இப்போது செவலைக்கு வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. உயரம் வந்திருக்கிறது. தடவினால் விலா தட்டுப்படுகிறது. மேலிருந்து பார்த்தால் அழகாக ஓர் இடுப்பு! நொண்டல் போயே போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை "சார், இங்கிட்டு வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். போனேன். சாப்பிடும்போது பெங்களூரிலிருந்து வீடியோ கால். "யாரு பக்கத்துல?" என்று அவர் மனைவி கேட்டது எனக்கும் கேட்டது.

"நம்ம வீட்டுக்கு ஆளு வந்துருக்காக" என்றார் செல்வராசு அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து எனக்குப் போன். "மத்தியானம் சாப்டீங்களா?" தினமும் கேட்பாள். தினமும் 'ஆச்சு' என்பேன்.

அன்றைக்கு மட்டும் அது உண்மை.