நாலடி வாசல்

காரைக்குடிக்கு வெளியே மூடிக்கிடந்த சாராய ஆலையை, அதன் வாரிசுகள் பழுதுபார்த்துப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்திருந்த எனக்கு அங்கே சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அதே ஆலையில், சர்க்கரைப் பாகு ஊறும் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவியவர்.

செம்புக் கொப்பரை, தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய புகைபோக்கி என்று எல்லாவற்றுக்கும் விளக்கப் பலகை எழுதினேன். தொழிலாளர்கள் வெளியேறும் வாசல் மட்டும் நாலடி உயரம்தான். அதற்கு வெளியே, ஒட்டினாற்போல் ஒரு நாற்காலி. ஏன் இவ்வளவு தாழ்வு என்று பழைய காகிதம் எதிலும் இல்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தொழில் செய்யும் இடத்தைக் கோயிலாக மதித்துக் குனிந்து செல்வதற்காக அமைத்தது என்று நானே எழுதிவிட்டேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

உரிமையாளர் வீட்டு ஆச்சி விருந்தாளிகளோடு வந்த நாளில், நான் பேசுவதைக் கேட்க அப்பாவையும் வரச்சொல்லியிருந்தேன். என் தற்காலிக வேலை முடிய இருந்தது. அது நிலைக்குமா என்பது அன்று தெரிந்துவிடும். கால் வலித்த ஆச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கோயில் கதையை நான் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். கடைசியாக அப்பா. குனிந்தவர் அப்படியே நின்றார். வாயைத் திறந்து ஆச்சியின் முகத்துக்கு நேரே ஊதினார்.

ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "யாரு இது, குடிச்சிருக்கானா?"

"இல்ல ஆச்சி. ஊதாம வெளிய விடமாட்டீகள்ல" என்றார் அப்பா, குனிந்தபடியே.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குனிந்து வருகிறவனின் வாய், உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் மூக்குக்கு நேரே வர வேண்டும். அதற்காகவே கட்டிய வாசல். சரக்கைக் குடித்தவன் அங்கேயே அறை வாங்குவான் என்று அப்பா பிறகு சொன்னார். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. பாகு நெடி உடம்பில் ஏறியதற்கே பலமுறை வாங்கியிருக்கிறார்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். ஒருவர், போட்டோ எடுக்க விட்டுப்போச்சு, இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்கள் என்றார். அப்பா ஊதினார்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோயில் பலகையைக் கழற்றிவிடலாம், இதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றார். சனி, ஞாயிறுகளில் அப்பா வந்து ஊதட்டும். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நான் உட்கார வேண்டும். வாட்ச்மேன் மரியாதையாகவா பேசியிருப்பான், அதையும் பார்த்துக்கொள் என்றார். வேலை உத்தரவு திங்கட்கிழமை வரும்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். "ஒனக்கு வேல நெலச்சிரும்ல? அப்பச் சரி" என்றார்.

முதல் சனிக்கிழமை நல்ல கூட்டம். அப்பாவுக்கு மூச்சு சரியாக வரவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று மேனேஜர் கை காட்டினார்.

"நல்லா ஊதுடா" என்றேன்.

அந்த உயரத்தில் அவர் கண் என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஊதினார். காலையில் குடித்த டீயின் வாசனை வந்தது.

"சரி, போ" என்றேன். கைதட்டினார்கள்.