சம்பந்தியம்மாளின் பெப்பர் ஸ்பிரே

பணிமூப்பு என்பது ஒருவர் அந்தப் பதவியில் நியமனம் பெற்ற நாளிலிருந்து கணக்கிடப்படும். பின்னால் வந்தவர் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும் முன்னால் வந்தவரைத் தாண்டிப் போக முடியாது. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் இந்த விதியை வைத்து எத்தனையோ பேருக்கு மூப்புப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பதிலும் நானே எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு அம்மா என்ற பதவியில் நான் நியமனம் பெற்றது அவள் பிறந்த அன்று. மாமியார் என்ற பதவி அவளுடைய கல்யாணத்தன்றுதான் உருவானது. இரண்டும் ஒரே தரம் என்றே வைத்துக்கொண்டாலும், யார் மூத்தவர் என்பதில் எந்தக் கடைநிலை எழுத்தருக்கும் சந்தேகம் வராது. என் மகளுக்கு வந்தது.

மகளும் மருமகனும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். மருமகனுக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், மலையடியில் ஒரு கத்தோலிக்க ஊர். எங்களுக்குச் சின்னமனூர். கல்யாணம் மாதா கோயிலிலும் நடந்தது, மண்டபத்திலும் நடந்தது. சாப்பாடு இரண்டு இடத்திலும் நன்றாகவே இருந்தது. சம்பந்தியம்மாளோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. எங்கள் பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா வரைக்கும் இல்லை.

விழாவைச் சொந்த ஊரிலேயே வைத்தார்கள். வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு பேத்தி ஒவ்வொருவரிடமும் ஆசீர்வாதம் வாங்கி முடித்து, பிரியாணியும் முடிந்து, பெண்கள் எல்லாரும் பந்தலில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மாள் தன் கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்தார். கூடவே உதட்டுச் சாயக் குப்பி அளவில் ஒன்று வந்தது. சிவப்பு மூடி, சாவி வளையம், மேலே மாதா ஸ்டிக்கர்.

"மருமக வாங்கிக் குடுத்தா மதினி," என்றார் என்னிடம். "விடியக்காலப் பூசைக்குத் தனியாப் போறேன்ல. திராட்சைத் தோட்டம் ஓரமா ஒரு லைட்டு கெடையாது. எவனாச்சும் கிட்ட வந்தா மூஞ்சியப் பாத்து அடிச்சு விட்ருங்க அத்தைன்னா."

"ஒங்களைப் பாத்தாலே அவன் ஓடிருவான், இது வேற எதுக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புது ஜெபமாலை, மெழுகுவர்த்தி, மாதா படம் எல்லாவற்றையும் பீடத்தருகே கொண்டுபோய் மந்திரித்து வாங்குவது அந்த ஊர் வழக்கம். புது பைக் வாங்கினாலும் கோயில் வாசலில் நிறுத்தித் தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். சம்பந்தியம்மாள் இந்தக் குப்பியையும் அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறார்.

"சாமி எல்லாத்து மேலயும் தீர்த்தம் தெளிச்சுட்டு, இது என்ன, சென்ட்டான்னு கேட்டாக. இல்ல சாமி, மொளகாய்ன்னேன். சிரிப்பா சிரிச்சாக. அப்ப அடி வாங்கப்போறவனுக்காகவும் வேண்டிக்கங்கன்னாக."

குப்பி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எதைக் கையில் வாங்கினாலும் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது என் வழக்கம். காலாவதி ஆகும் மாதம், குலுக்கிவிட்டு அடிக்க வேண்டும், காற்றுக்கு எதிராக அடிக்கக் கூடாது, கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இதை வைத்துக்கொள்ளத் துப்பாக்கி போல உரிமம் வேண்டியதில்லை, தற்காப்புக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பெற்ற மகள் போல எப்படிக் கவனித்துக்கொள்கிறாள் என்று என் மகளைப் பற்றிச் சம்பந்தியம்மாளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் நான் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பாளே மதினி?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார். அதில் ஒரு சொட்டுக் கெட்ட எண்ணமும் கிடையாது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பேத்தியைக் கூப்பிட்டு அவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

நானும் தினமும் விடிவதற்குள் நடக்கப் போகிறவள்தான். சின்னமனூரில் வாய்க்கால் கரையோரம், ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. அங்கும் லைட்டு கிடையாது. அது பற்றி நான் அனுப்பிய மனு எந்த மேசையில் எந்த மனுவுக்கு அடியில் இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த விழாவுக்குச் சில வாரம் முன்னால் ஒரு பைக் எனக்குப் பின்னால் வந்து வேகம் குறைந்தது. இரண்டு பேர். என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, விளக்கை என் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. கழுத்துச் சங்கிலியை அன்றே கழற்றி பீரோவில் வைத்தேன். மறுநாளும் நடக்கப் போனேன். போகாமல் இருந்தால் அவர்கள் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் எந்த பைக் சத்தம் கேட்டாலும் தென்னை மரத்தடியில் ஒதுங்கி நின்றுவிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

விழா முடிந்து வீடு திரும்பியதும் அதே மாதிரிக் குப்பி ஒன்றை நானே எனக்கு ஃபோனில் ஆர்டர் செய்தேன். பெரிய விலை இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன். தனக்குத் தானே பாராட்டுச் சான்றிதழ் அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்ட ஓர் அதிகாரியை எனக்குத் தெரியும். அவர் நினைவு வந்தது. ரத்து செய்தேன். ரத்துக்கு என்ன காரணம் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. என் காரணம் அதில் இல்லை. மனம் மாறிவிட்டது என்பதைத் தொட்டேன், அது பொய்.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மகள் என்னைக் கூப்பிட்டால் கேள்விகள் வரும். மாத்திரை போட்டாயா, வீட்டு வரி கட்டியாச்சா, பேத்தி பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த எங்கே போக வேண்டும், மாமனார் பெயருக்குப் பட்டா மாற்ற என்னென்ன இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்வேன். சம்பந்தியம்மாளுக்குப் போவது கூரியர். முழங்காலுக்கு உறை போயிற்று, குளிருக்குச் சால்வை போயிற்று, இப்போது இது. எனக்கு மகள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்தது ஒரு தாலுகா ஆபீஸ்.

அக்டோபர் அவர்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். சம்பந்தி வீட்டு முறை வந்தபோது என்னையும் அழைத்தார்கள். போனேன். மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். முன்னறை முழுக்க ஆட்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். மந்திரித்த பொருளைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்பதால், வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்தக் குப்பியைச் சம்பந்தியம்மாள் சாமி மேசையில்தான் வைப்பாராம்; அன்று வந்த சுரூபத்தையும் அதே மேசையில் வைத்திருந்ததால் குப்பி அதன் காலடியில் இருந்தது. பக்கத்திலேயே வேளாங்கண்ணியிலிருந்து வந்த தீர்த்த பாட்டில்களும் இருந்தன.

ஜெபம் பாதியில் இருக்கும்போது அவருடைய நாத்தனார் எழுந்தார். கண்பார்வை சுமார். மாதா ஸ்டிக்கர் ஒட்டிய குப்பியை எடுத்தார். வேளாங்கண்ணியில் இப்போது தீர்த்தத்தை இப்படியும் விற்கிறார்கள் போல என்று நினைத்தாராம். பக்தியாக நெற்றியில் வைத்து எடுத்து, முழந்தாளிட்டிருந்தவர்கள் தலைக்கு மேலே, சாமியார் தெளிப்பது போலவே, இடமிருந்து வலமாக அடித்துவிட்டார்.

மங்கள வார்த்தை ஜெபம் ஒரு சொல்லில் நின்றது. பிறகு ஒருவரும் ஜெபிக்கவில்லை, இருமினார்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது தன் வேலையை நேர்மையாகச் செய்தது. "ஏலே, கதவத் தொறங்கடா," என்று யாரோ இருமலுக்கு நடுவில் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த சம்பந்தியம்மாளுக்குத்தான் அதிகம். கண்ணைக் கசக்கப் போனவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கொல்லையில் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனேன். மற்றவர்களை வெளியே மழைக்காற்றில் நிற்கச் சொன்னேன், யாரும் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்றேன், ஃபேனை நிறுத்தச் சொன்னேன். சொன்னபடி செய்தார்கள். என் கண்ணும் எரிந்தது. தேய்க்காதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே கழுவிக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீரை அள்ளி அள்ளி அவர் கண்ணில் விட்டபோது சம்பந்தியம்மாள் சிரிக்கத் தொடங்கினார். "எவனுக்கோ வச்சிருந்தத சாமி கும்புட வந்தவுகளுக்குக் குடுத்தாச்சே மதினி." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்: "நீங்க ஒருத்தர்தான் பயப்படவே இல்ல."

அதற்குள் யாரோ பெங்களூருக்கு வீடியோ கால் போட்டிருந்தார்கள். மகள் அழுதாள். "அத்தை, அத்தை, இங்கன பாருங்க, என்னையப் பாருங்க." ஃபோன் சம்பந்தியம்மாள் முகத்துக்கு நேரே இருந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரண்டு கை மட்டும் திரையில் தெரிந்திருக்கும்; அவை என்னுடையவை. மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். கண் சொட்டு மருந்து, கருப்புக் கண்ணாடி, புதுக் குப்பி ஒன்று. மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து தானே மருந்து விட்டாள். என்னிடம், "நல்ல வேளை, நீ இருந்தம்மா," என்றாள். தீயணைப்பு வண்டியிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் ஊருக்குப் போனபின் வாட்ஸ்ஆப்பில் ஒரு கடிதம் அனுப்பினேன். பொருள்: தற்காப்பு ஸ்பிரே வழங்கியது, பயனாளி தெரிவு, தெளிவுரை கோருதல். அதன் கீழே ‘பார்வை’ என்ற வரியில் என் தாய்மை நியமனத்தைக் குறிப்பிட்டேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. அது பதில் அல்ல. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வந்தது. அது இடைக்காலப் பதில். கோப்பை மூட அது போதாது. அப்புறம் பேசினாள். பட்டா விவகாரம் பேசினாள்.

ஒரு நாள் வாய்க்கால் கரையில் பைக் சத்தம் கேட்டு மரத்தடியில் ஒதுங்கினேன். பால்காரர்தான். கேனைத் தட்டிக்காட்டி, என்ன டீச்சர் இங்கன நிக்கிறீக என்று கேட்டுவிட்டுப் போனார். நான் டீச்சர் இல்லை. அதைக்கூட நான் திருத்தவில்லை. அவர் பைக் சத்தம் முழுக்க அடங்கும்வரை மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பொருளும் இல்லாமல் பார்வையும் இல்லாமல் மகளுக்கு ஒரு வரி எழுதினேன். எனக்கு ஏன் நீ வாங்கித் தரவில்லை?

படித்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டியது. பதில் இல்லை. அன்றாடம் வரும் கேள்விகளும் நின்றுபோயின. கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அனுப்பியதை அழித்துவிடலாம் என்றால் அழித்ததையும் வாட்ஸ்ஆப் காட்டும். இவ்வளவு நேர்மையான அலுவலகத்தில் நான் வேலை பார்த்ததில்லை.

பிறகு ஒரு விடியற்காலை, நடக்கக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது ஃபோன் ஒலித்தது. அவள் குரல் பதிவு. ராத்திரி முழுக்கத் தூங்காத குரல்.

"ம்மா, நீ கேட்டதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். அத்தை பயமா இருக்குன்னு சொன்னாக, வாங்கிக் குடுத்தேன். நீ பயந்து நான் பாத்ததே இல்லம்மா. அப்பா போன அன்னைக்குக்கூட வந்தவுகளுக்கு டீ சொன்னது நீதான். நீயும் பயப்படுவன்னா நான் யாருகிட்ட போவேன்? அதான் நெனச்சே பாக்கல போல. ஒனக்குப் பயமா இருக்காம்மா?"

வாசலில் நின்றபடியே இன்னொரு தடவை கேட்டேன். மெயின் ரோட்டில் மலைக்குப் போகும் சாமிகளின் மாலை கட்டிய வேன்கள் குமுளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, இருக்கு என்று எழுதினேன். கோப்பை மூடும்போது குறித்துக்கொண்டேன்: அவள் பதிலாக அந்தக் குரல் பதிவு என் கைக்கு வந்த தேதி கார்த்திகை ஒன்று.